கூல்டிரிங்ஸ் ஃப்ரிட்ஜில் பூத்த ஃப்ரீசியா

இராஜபாளையம்
12.12.2024

மதினிக்கு,

நலமா என்று கேட்டுத்தான் தொடங்க வேண்டும். இன்றைக்கு எனக்கு அது வரவில்லை. மூன்று நாளாகப் போன் பண்ணுகிறேன். என் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறீர்கள். அதனால் எழுதுகிறேன். கடிதத்தைப் பாதியில் வைத்தாலும் அது அங்கேயே கிடக்கும், கோபம் ஆறிய பொறவு எடுத்துப் படிக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை உங்கள் வாசலில் நின்று நான் கத்தியது தப்பு. தெருவே வேடிக்கை பார்த்தது. அதற்கு மன்னித்துவிடுங்கள். ஆனால் கத்தின விஷயம் தப்பில்லை.

ஜூன் மாதம் மகள் பாண்டிசெல்வி பிரசவத்துக்காக நான் கோயம்புத்தூர் கிளம்பும்போது, இருபத்துமூன்று ஃப்ரீசியாப் பூக் கிழங்குகளைக் காகிதப் பையில் போட்டு உங்கள் கையில் தந்தேன். "பத்திரம் மதினி, அவிய எனக்குன்னு வச்சுட்டுப் போனது இது மட்டுந்தான்" என்று சொல்லித்தான் தந்தேன். செப்டம்பரில் திரும்பி வந்து வாங்கிக்கொண்டேன். அக்டோபரில் உங்கள் தம்பி இருந்தபோது செய்த மாதிரியே தொட்டியில் மண் போட்டு, கூர்முனை மேலே பார்க்க நட்டு, அவர் செய்து வைத்த அந்தக் கண்ணாடிக் கதவுக் கூல்டிரிங்ஸ் ஃப்ரிட்ஜுக்குள் வைத்து, லைட்டைப் போட்டேன். எட்டு வாரம் காத்திருந்தேன். ஒரு முளைகூட இல்லை.

தோண்டிப் பார்த்தால், ஒவ்வொரு கிழங்கும் வற்றிச் சக்கையாகி, அதன் தலையில் சின்ன வெங்காயம் அளவுக்குப் புதிதாக இன்னொரு கிழங்கு உட்கார்ந்திருக்கிறது. வேரும் இல்லை, இலையும் இல்லை. அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் பஸ் ஏறி வந்தேன். நீங்கள் என்ன சொன்னீர்கள்? நாலு மாதமும் ஃப்ரிட்ஜில் காய்கறித் தட்டில் வைத்திருந்ததாகச் சொன்னீர்கள். நான் அழுதேன். அப்போது இன்னொன்றும் சொன்னீர்கள். "வாசமே இல்லாத பூவு. அதுக்குப் போயி இம்புட்டு ஆர்ப்பாட்டமா?"

கிழங்கு கெட்டதைக்கூட நான் ஆற்றிக்கொள்வேன். இந்தச் சொல்லை எப்படி ஆற்றிக்கொள்வது? ஊட்டியில் ஒரு பூக்காரர் கோல்டு ரூமைப் பழுது பார்க்க உங்கள் தம்பி போனபோது என்னையும் கூட்டிப் போனார். அங்கே வாளியில் இருந்த மஞ்சள் பூவை முகர்ந்துவிட்டு நான் அரை மணி நேரம் அந்த இடத்தை விட்டு நகரவில்லை. அதைப் பார்த்துத்தானே ஏழு கிழங்கு கேட்டு வாங்கினார். "ராஜபாளையத்து வெயில்ல ஃப்ரிட்ஜுக்குள்ள வச்சாத்தான் இது வளரும்" என்று அந்தப் பூக்காரர் விளையாட்டுக்குச் சொன்னார். இவர் நிஜமாகவே பழைய ஃப்ரிட்ஜ் ஒன்றைத் தூக்கி வந்து பதினாலு டிகிரியில் நிற்கிற மாதிரி மாற்றினார். ஐந்து வருடம் பூத்தது. அதற்கு வாசம் இல்லை என்கிறீர்கள். அந்த மனுசன் செய்ததெல்லாம் வீண் என்று சொன்ன மாதிரி இருக்கிறது எனக்கு.

அந்தப் பூ இன்னும் ஒரே ஒரு தடவை பூக்க வேண்டும். வேறு எதுவும் எனக்கு வேண்டாம். உங்கள் வீட்டில் பையிலோ தட்டிலோ ஒரு கிழங்காவது தவறிக் கிடக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள்.

பொன்மணி


ஸ்ரீவில்லிபுத்தூர்
17.12.2024

பொன்மணிக்கு,

கடிதம் வந்தது. "என்னக்கா, அரை மணி நேரப் பஸ்சு. அங்கேருந்து லெட்டரா?" என்று தபால்காரர் தங்கச்சாமி சிரித்துக்கொண்டே தந்துவிட்டுப் போனார். இந்த அசிங்கமும் உன்னால்தான்.

ஒரு கிழங்கும் தவறிக் கிடக்கவில்லை. எண்ணி வாங்கினேன், எண்ணித் தந்தேன்.

நீ என்னைக் கேள்வி கேட்டாய் அல்லவா, இப்போது நான் கேட்கிறேன். என் தம்பி அந்தப் பூவை எங்கே வைத்து வளர்த்தான்? ஃப்ரிட்ஜில். ஊரே பார்த்துச் சிரித்தது. கலர் சோடா விற்கிற பெட்டிக்குள் செடி வைத்த ஒரே ஆள் சோலைராஜ்தான். அப்படியிருக்க, அதன் கிழங்கை நான் எங்கே வைப்பேன்? வெளியே வைத்து அழுகியிருந்தால், "வெயிலில் போட்டுக் கொன்னுட்டாக" என்று இதே வாசலில் வந்து நின்றிருப்பாய். நாலு மாதம் என் காய்கறித் தட்டு முழுக்க உன் கிழங்குதான். தக்காளியை வெளியே வைத்து அழுகவிட்டேன். கரண்டு போனால் எழுந்து போய் ஃப்ரிட்ஜைத் தொட்டுப் பார்த்தேன். "பத்திரம்" என்று மட்டும் சொன்னாயே, எப்படிப் பத்திரம் என்று ஒரு வார்த்தை சொன்னாயா?

உனக்கு அவன் புருசனாக வந்தது இருபத்தேழு வருடத்துக்கு முன்னால். எனக்கு அவன் தம்பியாக வந்தது ஐம்பத்திரண்டு வருடத்துக்கு முன்னால். அவனை இடுப்பில் தூக்கிச் சுமந்த தழும்பு இன்னும் இருக்கிறது. அவன் பூவை நான் கொல்வேனா?

வாசம் இல்லை என்று சொன்னதைப் பற்றி இப்போது எழுத மாட்டேன். எழுதினால் இன்னும் நாலு பேச்சு வரும்.

அந்தக் கிழங்குகளைத் தூக்கிப் போட்டுவிடாதே. அவ்வளவுதான்.

பாண்டீஸ்வரி


ஸ்ரீவில்லிபுத்தூர்
2.1.2025

பொன்மணிக்கு,

நீ பதில் போடவில்லை. போடாவிட்டால் போ. நான் எழுதுகிறேன்.

எதிர்வீட்டு ஜெயசித்ராவைத் தெரியும் அல்லவா? தோட்டக்கலை படித்துவிட்டு நாற்றுப் பண்ணையில் வேலைக்குப் போகிறவள். அவளைப் பிடித்து உட்கார வைத்துக் கேட்டேன். பாவம், அவளும் புத்தகத்தைப் புரட்டி, போனில் தேடி, யாரோ வாத்தியாரைக் கூப்பிட்டுக் கேட்டுச் சொன்னாள்.

இந்தப் பூவுக்குச் சொந்த ஊர் ஆப்பிரிக்காவின் தென்கோடியாம். யாரோ ஒருத்தன் தன் டாக்டர் சிநேகிதன் பெயரைச் செடிக்கு வைத்துவிட்டானாம். (என் பெயரை எவன் எதற்கு வைக்கப் போகிறான்.) அந்த ஊரில் குளிர்காலத்தில்தான் மழை. அப்போது முளைத்துப் பூத்துவிடும். கோடை வந்ததும் இலையெல்லாம் காய்ந்துபோய், கிழங்கு மட்டும் சுடுமண்ணுக்குள் தூங்கும். அந்தச் சூடுதான் அதை எழுப்புமாம் பொன்மணி! பத்துப் பன்னிரண்டு வாரம் நல்ல சூட்டில் கிடந்தால்தான் அதற்குத் தூக்கம் கலையும். பொறவு குளிரைக் காட்டினால் பூக்கும். சூடே காட்டாமல் குளிரில் வைத்தால் முளைக்காது. தன்னிடம் இருக்கிற சத்தையெல்லாம் போட்டுத் தலைமேல் இன்னொரு கிழங்கைக் கட்டிக்கொண்டு மறுபடியும் படுத்துவிடும்.

ஆக, தப்பு என்னுடையதுதான். எழுதிவிட்டேன். இந்த வரியை எழுத எனக்கு இரண்டு வாரம் ஆகியிருக்கிறது.

ஆனால் அந்தப் புதுக் கிழங்கு சாகவில்லை, தூங்குகிறது என்று ஜெயசித்ரா சொல்கிறாள். என் வீட்டு அடுப்படிப் பரண் உனக்குத் தெரியும். கீழே காலையிலிருந்து பால்கோவா அடுப்பு எரிகிறது. மார்கழிக் குளிரிலும் அங்கே கை வைத்தால் வெதுவெதுப்பாக இருக்கும். கிழங்கை அனுப்பு. மூன்று மாதம் நான் பார்த்துக்கொள்கிறேன். உன் ஃப்ரிட்ஜுக்குத்தான் காலம் நேரம் கிடையாதே, பங்குனியில் நட்டாலும் அது குளிரைத் தரும்.

இன்னொன்று. நான் உன்னை நோகடிக்க வாசம் இல்லை என்று சொல்லவில்லை. எனக்கு நிஜமாகவே அதில் வாசம் வரவில்லை. ஒரு தடவைகூட வந்ததில்லை. சில பேர் மூக்குக்கு இந்தப் பூவின் வாசம் மட்டும் எட்டாதாம். பிறவியிலேயே அப்படியாம். ஜெயசித்ராதான் சொன்னாள். நம்பினால் நம்பு.

பாண்டீஸ்வரி


இராஜபாளையம்
6.1.2025

மதினிக்கு,

இருபத்துமூன்று கிழங்கையும் உங்கள் ஊருக்கு வருகிற ஆவுடையப்பன் அண்ணனிடம் தந்து அனுப்புகிறேன். காற்றுப் போகட்டும் என்று நான் வேலை பார்க்கிற பேண்டேஜ் கம்பெனியின் காஸ் வலைத்துணியில் ஆறு சின்னப் பைகள் தைத்து, அதில் போட்டிருக்கிறேன். தண்ணீர் படக்கூடாது. அடுப்பு ஆவி நேராகப் படக்கூடாது. எலி படக்கூடாது. இந்தத் தடவை எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

நீங்கள் தப்பை ஒத்துக்கொண்டதும் எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. நானும் ஒன்று ஒத்துக்கொள்கிறேன். கோடையில் அவர் அந்தக் கிழங்குகளை எங்கே வைப்பார் என்று நான் ஒரு வருடமும் கேட்டதில்லை. அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தால் உங்களிடம் சொல்லியிருப்பேன். எனக்கு அது பூக்கும், நான் முகர்வேன், அவ்வளவுதான். போன வருடம் நெஞ்சுவலி வந்து அவர் போனது பங்குனியில். மே மாதம் நானே தோண்டி எடுத்து, பையில் போட்டு, ஜூனில் உங்களிடம் தந்துவிட்டேன். எனக்கே தெரியாததை உங்களுக்கு எப்படிச் சொல்ல?

ஆனால் வாசம் விஷயத்தை என்னால் நம்ப முடியவில்லை மதினி. கோபப்படாதீர்கள். தெருமுனையில் பிச்சிப்பூக்காரி வந்தால் வீட்டுக்குள்ளிருந்தே சொல்கிறவர் நீங்கள். பால் அடிப்பிடிக்கப் போகிறது என்று அடுப்பைப் பார்க்காமலே எழுந்து ஓடுகிறவர். அந்த மூக்குக்கு இந்த ஒரு பூ மட்டும் தெரியாது என்றால் எப்படி? உங்கள் தம்பிக்குத் தெரிந்ததே. பூக்கிற நாளெல்லாம் காலையில் டீ கிளாசோடு ஃப்ரிட்ஜுக்கு முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, கதவைத் திறந்துவிட்டு, "இன்னைக்கி எப்படி இருக்கு, சொல்லு" என்பார். நான் சொல்வேன். "மிளகைத் தேன்ல முக்குன மாதிரி இருக்கு" என்பேன், இன்னொரு நாள் "எலுமிச்சை இலையைக் கசக்கின மாதிரி" என்பேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டு, "ஆமா, ஆமா" என்பார். அந்த ஆமாவைக் கேட்பதற்காகவே நான் தினமும் புதிதாக ஏதாவது கண்டுபிடிப்பேன்.

அதனால் எனக்கு வலிக்கிறது. சரி, அதை விடுங்கள். கிழங்கு பத்திரம்.

பொன்மணி


ஸ்ரீவில்லிபுத்தூர்
9.2.2025

பொன்மணிக்கு,

உன் கிழங்குகள் சொகுசாக இருக்கின்றன. என் மூட்டு வலிக்கு இப்படி ஒரு இடம் கிடைத்தால் நானும் ஏறிப் படுத்துக்கொள்வேன்.

ஜெயசித்ரா ஒரு தெர்மாமீட்டர் தந்தாள். முப்பதுதான் நல்லதாம். நடுப் பரணில் மத்தியானம் முப்பத்தாறு வரைக்கும் ஏறியது. பயந்துபோய்ச் சுவரோரம் தள்ளினேன். அங்கே இருபத்தேழு. திரும்ப ஒரு முழம் இழுத்தேன். இப்போது முப்பதும் முப்பத்தொன்றுமாக நிற்கிறது. எலிக்குப் பயந்து ஆறு பையையும் கொடியில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். உன் அண்ணன், அதான் என் வீட்டுக்காரர், பார்த்துவிட்டு, "ஏட்டி, கோவாவுக்குக் கூட நீ இம்புட்டு நேரம் நிக்க மாட்டியே" என்கிறார். "கோவா கெட்டுச்சுன்னா திரும்பக் கிண்டலாம், போங்க" என்றேன்.

தினமும் ஏணியில் ஏறும்போது ஒன்று தோன்றுகிறது. அவன் சின்னப் பிள்ளையில் காய்ச்சல் வந்து கிடந்தால், உடம்பு சுடுகிறதா என்று நான்தான் புறங்கையை வைத்துப் பார்ப்பேன். இப்போது அதே கையை வைத்து அவன் கிழங்கு போதுமான அளவு சுடுகிறதா என்று பார்க்கிறேன். இதை எழுதும்போதே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கடிதத்தில் அழுதால் உனக்குத் தெரியாது என்பது நல்லதுதான்.

தெவசத்துக்கு நாள் பார்த்தாகிவிட்டதா? வருவேன். உன்னோடு பேசுவேனா என்று தெரியாது.

பாண்டீஸ்வரி


இராஜபாளையம்
26.3.2025

மதினிக்கு,

வந்தீர்கள். படத்துக்கு முன்னால் விழுந்து கும்பிட்டீர்கள். என் கையில் காஸ் பைகளைத் தந்தீர்கள். "இருபத்துமூணுல ரெண்டு சூம்பிப் போச்சு" என்று ஒரே ஒரு வாக்கியம். பிறகு இலை போட்டு முடிப்பதற்குள் கிளம்பிவிட்டீர்கள். நான் தெருமுனை வரைக்கும் ஓடி வந்தேன், பஸ் போய்விட்டது. என் வீட்டில் ஒரு வாய் சோறு சாப்பிடக் கூடாது என்று அவ்வளவு கோபமா?

மறுநாளே இருபத்தொன்றையும் நட்டுவிட்டேன். கிழங்கின் மேல் அந்த நார் வலையைத் தடவிப் பார்த்தேன், நன்றாகக் காய்ந்திருந்தது. சில கிழங்கில் கூர்முனை கொஞ்சம் வெளுத்து வீங்கியிருக்கிற மாதிரி தெரிந்தது. நானாக நினைத்துக்கொள்கிறேனோ என்னவோ. பதினாலு டிகிரியில் வைத்திருக்கிறேன். வேலைக்குப் போகுமுன் ஒரு தடவை, வந்த பிறகு ஒரு தடவை பார்க்கிறேன்.

நீங்கள் பேசவில்லை என்று குறை சொல்கிறேன். நானும்தான் பேசவில்லை.

பொன்மணி


ஸ்ரீவில்லிபுத்தூர்
14.4.2025

பொன்மணிக்கு,

முளைத்ததா? மூன்று வாரம் ஆகிறது. முளைத்தால் ஒரு கார்டு போடுவதற்கு என்ன?

கோபத்தில் சாப்பிடாமல் போகவில்லை. படத்துக்கு நீ பிச்சிப்பூ மாலை போட்டிருந்தாய். உனக்குப் பிச்சி பிடிக்காது, தலைவலி வரும். எனக்குப் பிடிக்கும் என்றுதான் வாங்கிப் போட்டிருக்கிறாய் என்று பார்த்ததும் தெரிந்துவிட்டது. அதைப் பார்த்த பிறகு எனக்குத் தொண்டையில் சோறு இறங்காது. உன் முன்னால் உட்கார்ந்து அழ எனக்கு இஷ்டமில்லை. அதனால் ஓடினேன்.

இன்று சித்திரை முதல் நாள். நல்லா இரு.

பாண்டீஸ்வரி


இராஜபாளையம்
21.5.2025

மதினி,

இந்தக் கடிதத்தை உட்கார்ந்து படியுங்கள். அடுப்புப் பக்கத்தில் நின்றுகொண்டு படிக்க வேண்டாம்.

பதினெட்டுக் கிழங்கு முளைத்துவிட்டது, வாள் மாதிரி இலை விட்டு விசிறியாக நிற்கிறது என்று போன மாதமே கார்டு போட்டேன் அல்லவா? திங்கட்கிழமை வேலை விட்டு வந்து பார்த்தால் ஃப்ரிட்ஜ் நின்றுபோயிருந்தது. உள்ளே முப்பத்தொன்று. ஐஸ் கம்பெனிக்கு ஆட்டோவில் போய் இரண்டு பார் வாங்கி வந்து, உடைத்து, காஸ் துணியில் சுற்றித் தொட்டிகளைச் சுற்றி அடுக்கினேன். உருக உருக மாற்றினேன். மறுநாள் மத்தியானம்தான் கௌதம்ராஜ் வந்தார். உங்கள் தம்பியிடம் வேலை பழகி இப்போது தனிக்கடை வைத்திருக்கிறாரே, அவர்தான்.

அவர் கீழே கம்ப்ரசர் மேல் இருக்கிற தகட்டைக் கழற்றினார். உள்ளே பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு அட்டை, கம்பியில் கட்டித் தொங்கியது. "யக்கா, இது அண்ணாச்சி கையெழுத்து மாதிரி இருக்கு, பாருங்க" என்று நீட்டினார்.

சர்வீஸ் கார்டு மதினி. அவர் வேலை பார்க்கிற கடைகளிலெல்லாம் மாட்டிவிட்டு வருவாரே, அதே கார்டு. தேதி, டெம்பரேச்சர், வாடிக்கையாளர் குறிப்பு, மெக்கானிக் குறிப்பு என்று நாலு கட்டம். பெயர் எழுதுகிற இடத்தில் "பொன்மணி அவர்கள்" என்று எழுதியிருக்கிறார். வீட்டில் ஒரு நாளாவது அவர்கள் என்றிருக்கிறாரா? ஏட்டிதான்.

அப்படியே எழுதுகிறேன்.

18.1.2020. 14 டிகிரி. வாடிக்கையாளர் குறிப்பு: முதல் பூ. மிளகைத் தேனில் முக்கின மாதிரி என்கிறார். மெக்கானிக் குறிப்பு: எனக்கு ஒன்றும் வரவில்லை. சளியாக இருக்கலாம்.

29.1.2020. 14 டிகிரி. வாடிக்கையாளர்: இன்று வாசம் கூடுதல். பக்கத்து அறை வரை வருகிறது என்கிறார். மெக்கானிக்: சளி இல்லை. வரவில்லை.

11.1.2021. 13 டிகிரி. வாடிக்கையாளர்: எலுமிச்சை இலை. மெக்கானிக்: பிச்சி தெரிகிறது. டீசல் தெரிகிறது. கேஸ் லீக் தெரிகிறது. இது மட்டும் இல்லை. ஃபால்ட் மூக்கில்தான்.

2022 ஜனவரியில் தேதி அழிந்திருக்கிறது. வாடிக்கையாளர்: வெள்ளையில் மஞ்சளை விட வாசம் மென்மை. மெக்கானிக்: அக்காவுக்கும் வரவில்லையாம். நிம்மதி.

மதினி, அந்த வரியை நான் எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே தெரியாது. அக்காவுக்கும் வரவில்லையாம். நீங்கள் பொய் சொல்லவில்லை. நான்தான் தெருவில் நின்று உங்களைப் பேசக் கூடாத பேச்செல்லாம் பேசினேன். என்னை மன்னித்துவிடுங்கள். முதல் கடிதத்தில் கத்தினதற்கு மட்டும் மன்னிப்புக் கேட்டேன். இப்போது எல்லாவற்றுக்கும் கேட்கிறேன்.

"இன்னைக்கி எப்படி இருக்கு, சொல்லு" என்று அவர் கேட்டதை நான் என்ன நினைத்தேன்? கொஞ்சல் என்று நினைத்தேன். அவருக்குத் தெரியாது மதினி. ஒரு நாளும், ஒரு பூவிலும் தெரிந்ததில்லை. ஐந்து வருடம் தனக்கு வராத வாசத்துக்காக மண்ணைச் சலித்து, தண்டு சாயாமல் நூல் கட்டி, கரண்டு போன நாளெல்லாம் பதறி, எனக்காக வளர்த்திருக்கிறார். நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டு போய் ஒளித்து எழுதி வைத்திருக்கிறார்.

கடைசியாக எழுதினது 22.1.2024. 14 டிகிரி. வாடிக்கையாளர்: காலையில் தேன், மத்தியானம் மிளகு என்கிறார். மெக்கானிக்: முகத்தைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். ரிப்பேர் தேவையில்லை.

அதற்குக் கீழே ஐந்து வரி காலியாகக் கிடக்கிறது.

ஃப்ரிட்ஜ் ஓடுகிறது. ஒரு நாளுக்கு மேல் சூடு பட்டது. செடி பிழைக்குமா என்று தெரியவில்லை. ஜெயசித்ராவைக் கேட்டுச் சொல்லுங்கள்.

உங்கள்
பொன்மணி


ஸ்ரீவில்லிபுத்தூர்
25.5.2025

என் பொன்மணிக்கு,

உட்கார்ந்துதான் படித்தேன். படித்து முடித்தும் எழுந்திருக்க முடியவில்லை. உன் அண்ணன் வந்து, "யாரும் செத்துட்டாகளா?" என்று கேட்டார். "ஆமா, போன வருசம். இன்னைக்கித்தான் அழுகை வந்துச்சு" என்றேன்.

உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். மூன்று வருடம் முன்னால், தை மாதம், அவன் பைக்கில் இங்கே வந்தான். சட்டைப் பைக்குள் ஈரத்துணி சுற்றி ஒரே ஒரு கிளை வெள்ளைப் பூ. "யக்கா, இதுல வாசம் வருதா பாரு" என்றான். முகர்ந்தேன். "ஒண்ணும் வரலலே, பிளாஸ்டிக் பூவா?" என்றேன். அவனுக்கு ஏன் அப்படி ஒரு சிரிப்பு வந்தது என்று அன்றைக்கு எனக்கு விளங்கவில்லை. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான். செத்த நேரம் கழித்து, "சரி, இதை யார்ட்டயும் சொல்லிறாத, முக்கியமா அவள்ட்ட" என்று கையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டு போனான். நானும் மறந்துபோனேன்.

பாரு, சத்தியத்தை மறந்தவள் எப்போது சொன்னேன்? உன்னைக் குத்த வேண்டும் என்று வாயில் ஆத்திரம் வந்தபோது சொன்னேன். ஐந்து வருடம் அவன் கட்டிக் காத்ததை நான் வாசலில் நின்று ஒரு நொடியில் கொட்டிவிட்டேன். அவன் கேட்டிருந்தால் என்னை என்ன சொல்லியிருப்பான்? ஒன்றும் சொல்ல மாட்டான். பைக்கைத் துடைத்துக்கொண்டு நிற்பான். அதுதான் தாங்க முடியாது.

எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே மூக்கு என்று இத்தனை வயசுக்குப் பிறகு தெரிகிறது. அதில் ஒரு சந்தோசமும் இருக்கிறது. அதை எப்படிச் சொல்ல என்று தெரியவில்லை.

ஜெயசித்ராவைக் கேட்டேன். செடி பிழைக்குமாம். ஆனால் மொட்டு உருவாகிற நேரத்தில் சூடு பட்டதால் பூங்கொத்தில் ஏதாவது கோளாறு தெரியலாமாம். தெரிந்தால் தெரியட்டும். நீ தைரியமாக இரு. ஐஸ் பாரை ஒரே ஆளாகத் தூக்காதே, முதுகு போய்விடும்.

உன்
மதினி


இராஜபாளையம்
16.7.2025

மதினி,

பூத்துவிட்டது!

பதினெட்டில் ஒன்பது செடி தண்டு விட்டிருக்கிறது. தண்டு நேராக மேலே வந்து, நுனியில் சட்டென்று மடங்கிப் படுத்துக்கொள்கிறது. மடங்கின இடத்திலிருந்து மொட்டுகள் ஒரே பக்கமாக, வரிசையாக, வானத்தைப் பார்த்து நிற்கின்றன. எல்லாம் ஒரே நாளில் விரியாது. மடக்குக்குப் பக்கத்தில் இருக்கிற மொட்டு முதலில், பிறகு அடுத்தது, பிறகு அடுத்தது. அவர் இருந்தபோது நான் இதையெல்லாம் பார்த்ததே இல்லை. மூக்கை மட்டும் நீட்டிக்கொண்டு போவேன்.

ஜெயசித்ரா சொன்ன கோளாறும் தெரிகிறது. ஒவ்வொரு தண்டிலும் முதல் மொட்டு மட்டும் மற்ற மொட்டுகளை விட்டு இரண்டு விரற்கடை தள்ளி, கீழே தனியாக நிற்கிறது. மே மாதம் பட்ட சூடு. எனக்கு அதுவும் அழகாகத்தான் இருக்கிறது.

இன்று காலையில் முதல் பூ விரிந்திருந்தது. மஞ்சள். கதவைத் திறந்தேன். அதே வாசம். குனிந்து முகர்ந்துவிட்டு, என்னை அறியாமல் நிமிர்ந்து நின்றேன். ஏன் நிற்கிறேன் என்று எனக்கே செத்த நேரம் கழித்துத்தான் தெரிந்தது. யாராவது கேட்பார்கள் என்று நிற்கிறேன். யாரும் கேட்கவில்லை. ஸ்டூல் காலியாக இருந்தது. கதவை மூடிவிட்டு வேலைக்குப் போய்விட்டேன். பேண்டேஜை மடிக்க மடிக்க அதுவே மனசில் ஓடியது.

ஒரே ஒரு தடவை பூக்க வேண்டும், வேறு எதுவும் வேண்டாம் என்று உங்களுக்கு எழுதினேன். பூத்துவிட்டது. இப்போது அது போதவில்லை மதினி.

வருவீர்களா? உங்களுக்கு வாசம் வராது என்று தெரியும். பார்ப்பதற்காவது வாருங்கள். இந்தத் தடவை சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.

பொன்மணி


ஸ்ரீவில்லிபுத்தூர்
18.7.2025

பொன்மணி,

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்சில் வாரேன். உன் அண்ணன் அடுப்பைப் பார்த்துக்கொள்வார். அடிப்பிடித்தால் அடிப்பிடிக்கட்டும்.

டீ போட்டு வை. ஸ்டூலைத் துடைத்து வை. அந்த அட்டையையும் ஒரு பேனாவையும் எடுத்து வை. ஐந்து வரி காலியாக இருக்கிறது என்று எழுதியிருந்தாய் அல்லவா? நான் ஸ்டூலில் உட்கார்ந்து, "இன்னைக்கி எப்படி இருக்கு, சொல்லு" என்று கேட்பேன். நீ நிதானமாக முகர்ந்து சொல்லு. மெக்கானிக் குறிப்பில் என்ன எழுத வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

கையெழுத்து மாறிவிடுமே என்று கவலைப்படாதே. அவனுக்கு அ, ஆ எழுதப் பழக்கியது நான்தான். என் எழுத்தும் அதே கோணல்தான்.

மதினி